மூச்சு சரியானதும் பம்பு எங்கே போகிறது?

மார்கழிப் பனி இறங்கினால் கெலமங்கலத்தில் என் மருந்துக்கடையில் முதலில் தீர்வது சால்புடமால். மாத்திரையும் போகும், சிரப்பும் போகும், பம்பும் போகும். ராகிக் கதிரை ரோட்டில் பரப்பி வண்டிச் சக்கரத்திலேயே போரடிக்கிற காலம் அது. தூசி பறக்கும். ரோஜாப் பசுமைக்குடிலுக்குள் மருந்தடித்துவிட்டு நேராகக் கடைக்கு வருகிறவர்கள், கம்பெனி பஸ்ஸுக்காக இருட்டோடு குளிரில் நிற்கிற பிள்ளைகள், விறகடுப்பை ஊதியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட பாட்டிகள் என்று எல்லாரும் வருவார்கள். ஒருவர் இழுப்பு என்பார், ஒருவர் ஆயாசம் என்பார், இன்னொருவர் தம்மு என்பார். மூன்று மொழி பேசுகிற ஊரில் வியாதிக்கும் மூன்று பேர். கேட்கிற மருந்து மட்டும் ஒன்றே: "உடனே கேட்கிற மாதிரி குடுங்கண்ணா."

இந்த "உடனே" பற்றித்தான் இந்த நீளமான பதிவு. ஆஸ்துமா மருந்துகள் எவ்வளவு வேலை செய்கின்றன, எவ்வளவு பாதுகாப்பானவை, மக்கள் ஏன் பாதியில் விடுகிறார்கள் என்று உலகம் முழுக்க நடந்த ஆராய்ச்சிகளைக் கூட்டம் இல்லாத மதிய வேளைகளில் படித்துக்கொண்டு வருகிறேன். படிக்கப் படிக்க, கடைக்கு எதிரில் நிற்கிறவர்கள் மேல் கோபம் குறைந்து, நாம் மருந்து கொடுக்கிற முறை மேல் கோபம் கூடுகிறது.

முதலில் மாத்திரைக் கணக்கு. சால்புடமால் மாத்திரை 4 மில்லிகிராம் என்றால் 4,000 மைக்ரோகிராம். பம்பில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அதாவது நாற்பது பஃப் அளவு மருந்து அந்தச் சின்ன மாத்திரைக்குள் இருக்கிறது. அது வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குப் போய்ச் சேர்கிறது. போகிற வழியில் கை நடுங்க வைக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். பம்பு மருந்தோ போக வேண்டிய இடத்துக்கே போய் சில நிமிஷத்தில் வேலையை ஆரம்பித்துவிடும். ஆனாலும் மாத்திரைதான் சாது, பம்பு "ஸ்ட்ராங்", ஒருமுறை தொட்டால் விடாது என்ற நம்பிக்கை நம் பக்கம் வேரோடிக் கிடக்கிறது. படித்தவர்கள் வீட்டிலும் கேட்கிறேன்.

டெரிஃபிலின் மாதிரியான தியோஃபிலின் வகை மாத்திரைகளும் இப்படித்தான், மலிவு என்பதால் செல்லப்பிள்ளைகள். அவற்றில் குணமாக்கும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறுகலானது. வேறு எதற்கோ சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் எழுதினால் ரத்தத்தில் தியோஃபிலின் ஏறிவிடும். வாந்தி, படபடப்பு, சில பேருக்கு வலிப்பு வரைக்கும் போகும். ஒரே ஆள் ரெண்டு டாக்டரிடம் போய், ரெண்டு சீட்டை ரெண்டு கடையில் கொடுத்து வாங்குகிற ஊரில் இதை யார் கவனிக்கிறார்கள்?

சரி, பம்புக்கே வருவோம். பம்பு என்றால் நம் மக்கள் மனதில் ஒன்றுதான், சால்புடமால் பம்பு. சுருங்கிய குழாயின் தசையைத் தளர்த்தும், மூச்சு இறங்கும், வேலைக்குப் போகலாம். ஆனால் ஆஸ்துமாவின் அடிவேர் தசையில் இல்லை. குழாயின் உள்பக்கச் சவ்வு வீங்கி, சிவந்து, சளி கட்டி, எதைப் பார்த்தாலும் சீறத் தயாராக இருக்கிறது. அந்த வீக்கத்தை சால்புடமால் தொடுவதே இல்லை. அதைத் தணிப்பது உள்ளிழுக்கிற ஸ்டீராய்டு: புடெசோனைடு, பெக்லோமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன். இதை இழுத்த நிமிஷத்தில் ஒன்றும் தெரியாது. நாள்கணக்கில், வாரக்கணக்கில்தான் வித்தியாசம் தெரியும். விலையும் சால்புடமாலைப் போல ரெண்டு மூன்று மடங்கு. இழுத்தவுடன் சுகம் தருகிற மலிவான பம்பு ஒன்று, இழுத்தும் ஒன்றும் தெரியாத விலை கூடின பம்பு ஒன்று. கூலி வாங்கிப் பிழைக்கிற மனிதர் எதை விடுவார்?

ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு அக்கா மாசாமாசம் சால்புடமால் மட்டும் வாங்கிப் போவார். "இன்னொரு பம்பும் எழுதியிருந்தாரே அக்கா?" என்றேன். "மூச்சு நல்லாதானே இருக்குது தம்பி, சும்மா எதுக்கு ஸ்டீராய்டு?" என்றார். அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மாசம் ஒரு சால்புடமால் பம்பு என்பது மூச்சு நன்றாக இருப்பதற்கு அடையாளம் இல்லை. ஒரு பம்பில் 200 பஃப். வருஷத்துக்கு மூன்று பம்பு ஆனாலே கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்றும், பன்னிரண்டு தொட்டால் உயிராபத்தே கூடுகிறது என்றும் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜீனா எச்சரிக்கிறது.

இந்த எண்களுக்குப் பின்னால் சாவுகள் இருக்கின்றன. பிரிட்டனில் 2012-13-ல் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் கதையை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். உடனடி பம்பின் கணக்கு கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்குச் சாவதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் பன்னிரண்டுக்கும் மேல் பம்பு எழுதப்பட்டிருந்தது. 45 சதவீதம் பேர் மருத்துவ உதவியைத் தேடாமலோ, உதவி வந்து சேர்வதற்குள்ளோ இறந்துபோனார்கள். மருந்து இலவசத்துக்குப் பக்கத்தில் கிடைக்கிற நாடு அது. அங்கேயே இப்படி.

அதற்கு முன்னால் நியூசிலாந்து. 1976-ல் ஃபெனோட்டெரால் என்ற வீரியமான உடனடி பம்பு அங்கே வந்தது. அதற்குப் பிறகு ஆஸ்துமா சாவுகள் சட்டென்று ஏறின. ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி முதலான ஆராய்ச்சியாளர்கள் இந்த மருந்துக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பை 1989-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். பெரிய எதிர்ப்பு வந்தது. ஆனால் அந்த மருந்தைக் கட்டுப்படுத்தியதும் சாவுகள் குறைந்தன. இந்த பீஸ்லியின் பெயரை மறந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவார்.

ஸ்டீராய்டு பம்பின் பக்கத்துக் கதையைச் சொன்னது கனடா. சாஸ்காச்சுவான் மாகாணத்தில் முப்பதாயிரம் பேரின் மருந்துப் பதிவேடுகளை வைத்து சாமி சுயிசா குழுவினர் 2000-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முந்தைய வருஷத்தில் கூடுதலாக வாங்கிய ஒவ்வொரு ஸ்டீராய்டு பம்புக்கும் ஆஸ்துமாவால் சாகிற வீதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. குறைந்த டோஸ் பம்புதான். அதே கட்டுரையில் என்னைத் தூங்க விடாத இன்னொரு வரி: ஸ்டீராய்டு பம்பை நிறுத்திய முதல் மூன்று மாதங்களில் சாவு வீதம், நிறுத்தாமல் எடுத்தவர்களைவிட அதிகம். "மூச்சு நல்லாதானே இருக்குது" என்று நிறுத்துகிற அந்த மூன்று மாதம் அது.

அப்புறம் எதற்குப் பயம்? ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுத்தான். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இழுப்பு முற்றினால் டாக்டர் எழுதுகிற பிரெட்னிசோலோன் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். புடெசோனைடு பம்பில் ஒரு பஃப் 100, 200 மைக்ரோகிராம்தான். ரெண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் வேறு. ஆனாலும் உடம்புக்குள் மொத்தமாகப் போய்ச் சேர்வதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது, கண்புரை, முகம் ஊதுவது எல்லாம் பெரும்பாலும் மாத்திரையும் ஊசியும் அடிக்கடி போட்டுக்கொள்வதால் வருகிறவை. பம்பைப் பார்த்துப் பயந்து ஊசிக்குப் போகிறவர், பயந்த சரக்கையே பல மடங்காக வாங்கிக்கொண்டு வருகிறார். பெயர் போடாத பொடிப் பொட்டலத்தில் "நாட்டு மருந்து" என்று தருவதிலும் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்திருப்பது உண்டு. ரெண்டு நாளில் பசி எடுத்து, மூச்சு இறங்கி, முகம் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

பம்பிலும் பக்கவிளைவு உண்டு. தொண்டை கம்மும், நாக்கில் வெள்ளை படியும். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் கேட்கிற கேள்வி, "வளர்த்தி நின்னுடுமா?" அமெரிக்காவில் ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை வைத்து நடந்த கேம்ப் என்ற ஆய்வு இதைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தது. புடெசோனைடு எடுத்த பிள்ளைகள் வளர்ந்து ஆளானபோது 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைவாக இருந்தார்கள். 2012-ல் வந்த முடிவு. இதை மறைக்கக் கூடாது, சொல்லித்தான் கொடுக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டரை ஒரு தட்டிலும், ராத்திரி மூச்சு நின்றுபோகிற ஆபத்தை இன்னொரு தட்டிலும் வைத்துப் பெற்றோர் தாங்களே பார்க்கட்டும்.

நம் பக்கத்தில் ஆஸ்துமா எவ்வளவு? ஓசூர், அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூர். அங்கே டாக்டர் எச். பரமேஷ் இருபது வருஷமாக ஆஸ்பத்திரிக்கு வந்த இருபதாயிரம் குழந்தைகளைக் கணக்கெடுத்தார். 1979-ல் 9 சதவீதமாக இருந்த ஆஸ்துமா 1999-ல் 29.5 சதவீதமாக ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கணக்கு என்பதால் ஊர்க்கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் போக்கு தெரிகிறது. இந்தியா முழுக்க ஒன்பது மையங்களில் எடுத்து 2022-ல் வெளியான குளோபல் ஆஸ்துமா நெட்வொர்க் ஆய்வு இன்னும் உறைக்கிறது: இழுப்பு இருக்கிறவர்களில் 82 சதவீதம் பேருக்கு அது ஆஸ்துமா என்று யாருமே சொல்லவில்லை. ஆஸ்துமா என்று தெரிந்தவர்களிலும் தினம் ஸ்டீராய்டு பம்பு எடுப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் கீழே. நம் ஊரில் "வீசிங்" என்ற சொல்லோடு கதை முடிந்துவிடும். ஆஸ்துமா என்று டாக்டர் சொன்னாலும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், வெளியே சொல்லாதீர்கள் என்பார்கள்.

நோயாளி சொன்னபடி எடுப்பதில்லை என்ற புகாரை நான் நிறையக் கேட்டுவிட்டேன். டென்வரில் மில்க்ரோம் குழுவினர் 1996-ல் வெளியிட்ட சின்ன ஆய்வு ஒன்று, 24 குழந்தைகள். பம்புக்குள் மின்னணுக் கருவி வைத்து, எப்போது அழுத்தினார்கள் என்று பதிவு செய்தார்கள். டைரியில் 95 சதவீதம் எடுத்ததாக எழுதியிருந்தார்கள். கருவி காட்டியது 58 சதவீதம். இழுப்பு முற்றிப்போன பிள்ளைகளிடம் அது 14 சதவீதத்துக்கும் கீழே. படித்த பெற்றோர், நல்ல டாக்டர், கவனிப்பு எல்லாம் இருந்தும். நீண்ட நாள் மருந்தை வளர்ந்த நாடுகளிலேயே பாதிப் பேர்தான் ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் எழுதியது.

இந்த விஷயத்தில் உலகத்துக்குப் பாடம் சொன்னதே நம் மெட்ராஸ்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். குடிசையில் இருக்கிற ஏழைக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதுமா, சானடோரியம் தேவையா என்பது கேள்வி. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஈடாகக் குணமானார்கள். அங்கே இருந்த வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவரின் பெரிய அக்கறை, மருந்து நிஜமாகவே வயிற்றுக்குள் போகிறதா என்பது. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நன்றாக ஆனவுடன் மருந்தை விடுவது மனித சுபாவம், அதை வைத்துத்தான் சிகிச்சையைத் திட்டமிட வேண்டும் என்ற புத்தி அங்கிருந்துதான் பரவியது. காசநோய்க்கு இவ்வளவு செய்த மாநிலம் ஆஸ்துமாவுக்கு, "சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டால் எப்படி?

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மருந்துச் சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் நம்மைப் போன்றவர்களா? பீடி பிடிக்காதவர், வேறு வியாதி இல்லாதவர், சோதனைக்குத் தக்கபடி மூச்சு அளவு உள்ளவர் என்று சலித்து எடுப்பார்கள். 2007-ல் வெலிங்டனில் சாதாரண ஆஸ்துமாக்காரர்களைப் பிடித்து, பெரிய சோதனைகளின் நிபந்தனைக்கு எத்தனை பேர் தேறுவார்கள் என்று பார்த்தார்கள். ஒரு சோதனைக்குச் சராசரியாக 4 சதவீதம் பேர். மீதி 96 பேருக்கும் அந்த 4 பேரை வைத்துத்தான் மருந்து எழுதுகிறோம். கிரானைட் குவாரித் தூசி, விறகுப் புகை, பூச்சிமருந்து எல்லாம் சேர்ந்த நெஞ்சை எந்தச் சோதனை அளந்தது?

மனித சுபாவத்தை வைத்தே திட்டமிட்டவை என்பதால், 2018-ல் வந்த சிக்மா ஆய்வுகள் எனக்கு நம் ஊருக்காகவே செய்தது மாதிரி தோன்றின. லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் தினம் எடு என்று சொல்லவில்லை. ஸ்டீராய்டும், உடனே மூச்சிறக்கும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே பம்பைக் கொடுத்து, மூச்சு முட்டும்போது மட்டும் எடு என்றார்கள். முதல் ஆய்வில் 3,849 பேர். சால்புடமால் வகை உடனடி பம்பை மட்டும் எடுத்தவர்களைவிடக் கடுமையான இழுப்பு 64 சதவீதம் குறைந்தது. தினமும் ஸ்டீராய்டு எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், அவர்கள் உள்ளே இழுத்ததில் 17 சதவீத ஸ்டீராய்டே இவர்களுக்குப் போனது. கடும் இழுப்பைத் தடுத்ததில் ரெண்டும் ஏறக்குறைய சமம். அன்றாடத் தொந்தரவு கட்டுப்படுவதில் தினப் பம்புதான் கொஞ்சம் மேல், அதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருஷமே, கட்டுப்பாடு குறைவான, வீட்டு வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சோதனையில் 668 பேரிடம் இதே மாதிரி முடிவு வந்தது. அதை நடத்தியவர் ரிச்சர்ட் பீஸ்லி. தனி உடனடி பம்பின் ஆபத்தை 1989-ல் எழுதியவர், முப்பது வருஷம் கழித்து அதற்கு மாற்றையும் காட்டினார். 2019-ல் ஜீனா, பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் சால்புடமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவைப் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று மாற்றிச் சொன்னது.

இதன் அருமையை அந்த ரோஜாத் தோட்டத்து அக்காவை வைத்துப் பாருங்கள். முட்டும்போதுதான் எடுப்பேன் என்கிற அவர் பழக்கத்தை யாரும் மாற்றத் தேவையில்லை. அவர் கையில் இருக்கிற பம்பை மாற்றினால் போதும். முட்டுகிற நாளில், அதாவது வீக்கம் ஏறுகிற நாளில், ஸ்டீராய்டும் கூடவே உள்ளே போய்விடும். புடெசோனைடு-ஃபார்மோட்டெரால் பம்பு நம் எல்லா ஊர்க் கடையிலும் இருக்கிறது, பல கம்பெனிகள் செய்கின்றன. மாற்றுவது டாக்டரின் முடிவு. நீங்களாக மாற்றாதீர்கள். ஆனால் டாக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

ஃபார்மோட்டெரால் மாதிரி நீண்டநேரம் மூச்சுக்குழாயை விரித்து வைக்கிற மருந்தால் ஆபத்து என்று கேள்விப்பட்டேனே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்மைதான், 26,000 பேரை வைத்து சால்மெட்டெரால் ஆய்வு நடந்தபோது மருந்து எடுத்தவர்களில் 13 பேரும், எடுக்காதவர்களில் 3 பேரும் ஆஸ்துமாவால் இறந்தார்கள். 2003-ல் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள், அமெரிக்காவில் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டார்கள். ஸ்டீராய்டு துணையில்லாமல் அந்த மருந்தைத் தனியாக எடுப்பதுதான் சிக்கல். சேர்த்துக் கொடுத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபின் 2017 டிசம்பரில் கூட்டுப் பம்புகளுக்கு அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். இன்று எனக்கு அதிகக் கவலை மான்டெலுகாஸ்ட் மாத்திரை பற்றித்தான். சளி என்றால்கூட எழுதுகிறார்கள். மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரலாம் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க அரசு இதே கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கொடுத்தது. பிள்ளை திடீரென்று சிடுசிடுவென்று ஆனால், ராத்திரி அலறினால், இந்த மாத்திரை எடுக்கிறானா என்று பாருங்கள்.

நம் பக்கத்துத் தெலுங்குக்காரர் வீடுகளில் மிருகசீரிஷ கார்த்திக்கு ஹைதராபாத் போய் பத்தினி குடும்பத்தாரின் மீன் பிரசாதம் விழுங்கிவிட்டு வருகிற வழக்கம் உண்டு. நம்பிக்கையை நான் குறைசொல்ல மாட்டேன். அது ஆஸ்துமாவைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. போவதாக இருந்தால் பம்பைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், வந்த பிறகும் நிறுத்தாதீர்கள்.

இழுக்கிற முறை பற்றி. நாற்பது வருஷ ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் பார்த்ததில் சரியாக இழுப்பவர்கள் 31 சதவீதம்தான், நாற்பது வருஷத்தில் அது முன்னேறவும் இல்லை. பம்பைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். ரோட்டாகேப் பொடியானால் மெதுவாக இழுத்தால் வராது, வேகமாக இழுக்க வேண்டும். அந்தக் கேப்சூலை விழுங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கிற ஸ்பேசர் குடுவை வாங்கக் காசில்லை என்றால், கேப் டவுனில் ஹெதர் ஜார் என்ற குழந்தை மருத்துவரின் குழு 1999-ல் சோதித்துக் காட்டியபடி, அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பு வாய் கச்சிதமாக நுழைகிற ஓட்டை போட்டால் போதும், கடையில் விற்கிற ஸ்பேசருக்கு நிகராக வேலை செய்தது. பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காய வையுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்தை ஒட்டவைத்துக்கொள்ளும். பம்பில் மருந்து மீதி இருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது பொய் சொல்லும். எண்ணிக்கை காட்டுகிற பம்பாக வாங்குங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை முதலமைச்சர் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கி வைத்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வருகின்றன. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. அதே வருஷம் தொழிற்சாலைகளுக்குள்ளேயே போய்ச் சோதிக்கிற தொழிலாளரைத் தேடி மருத்துவமும் வந்தது. மாத்திரை எடுத்து வருகிற அக்காமார்களின் பையில் ஸ்டீராய்டு பம்பும் வழக்கமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. கூடவே நோட்டில் மூன்று கட்டம்: போன தடவைக்குப் பிறகு எத்தனை சால்புடமால் பம்பு தீர்ந்தது, ஆஸ்பத்திரியில் எத்தனை தடவை "கேஸ்" (நெபுலைசர்) வைத்தார்கள், எதிரில் நின்று பம்பை இழுத்துக் காட்டச் சொன்னால் சரியாக இழுக்கிறார்களா. முதல் கட்டத்தில் வருஷத்துக்கு மூன்றைத் தொட்டவரை அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் அனுப்பலாம். இதற்குப் புது இயந்திரம் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். ராகி அறுப்புக்கு முன்னால், ஐப்பசியிலேயே கெலமங்கலம் ஒன்றியத்தில் ஆரம்பித்தால் இந்த மார்கழிக்கே கணக்கு தெரிந்துவிடும். என் கடையிலும் இதே மூன்று கட்டத்தோடு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை பம்பு வாங்க வரும்போது பழைய பம்பையும் கையோடு எடுத்து வாருங்கள்.